எச்.ஆரிடம் வாயால் சொன்னது புகார் ஆகாது. கெடு முடியுமுன் எழுதிக் கொடுத்துவிடுங்கள்

கேள்வி: வணக்கம் மேடம். கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். கம்பெனியில் நாற்பது பேர் இருக்கிறோம். நான் கான்ட்ராக்ட் ஏஜென்சி மூலமாக வந்தவள். எங்கள் மேனேஜர் ஏப்ரலில் இருந்தே ராத்திரியில் வாட்ஸ்அப்பில் தேவையில்லாத மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார். ஜூலை 4 அன்று ஃபைல் ரூமில் இடுப்பில் கை வைத்தார். அன்று ராத்திரி அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். எச்.ஆர். மேடத்திடம் சொன்னேன். "நான் பேசிக்கிறேன், நீ பெரிசு பண்ணாதே" என்றார். ஆகஸ்ட் 29 அன்று, "ஒரு நாள் என்கூட வெளியே வா, உன் ரினியூவலை நான் பார்த்துக்கறேன்" என்று அவர் நேரிலேயே கேட்டார். மறுத்துவிட்டேன். செப்டம்பர் 12-இல் என் வேலை சரியில்லை என்று மெயில் வந்திருக்கிறது. பயத்தில் பழைய மெசேஜ்களை எல்லாம் அழித்துவிட்டேன். கான்ட்ராக்ட் ஆள் புகார் கொடுக்க முடியுமா? ஆதாரம் இல்லாமல் கொடுத்தால் பொய்ப் புகார் என்று என் மேலேயே நடவடிக்கை வருமா? போலீசுக்குப் போகலாமா? வீட்டில் வரன் பார்க்கிறார்கள், வெளியே தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தூக்கமே வருவதில்லை. செப்டம்பர் 20-இல் இதை எழுதுகிறேன்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தில் தேதிகள் தெளிவாக இருக்கின்றன. பெரிய பலமே அதுதான். அந்தத் தேதிகளில் இருந்தே தொடங்குகிறேன். மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-இல் வந்த சட்டம்தான் பேச்சு வழக்கில் போஷ் சட்டம் எனப்படுவது. அதன் 9-ஆம் பிரிவுப்படி, சம்பவம் நடந்த நாளில் இருந்து 3 மாதத்துக்குள், நிறுவனத்தில் இதற்கென்றே அமைக்கப்படும் உள்ளகப் புகார் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். சம்பவங்கள் தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்தில் இருந்து 3 மாதம். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்துவிட்டு, குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் நீட்டிக்கக் குழுவுக்கு அதிகாரம் இல்லை.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஃபைல் ரூம் சம்பவத்தை மட்டும் தனியாக எடுத்தால் அக்டோபர் 4-இல் கெடு முடிகிறது. ஆகஸ்ட் 29-ஐக் கடைசிச் சம்பவமாக வைத்தால் நவம்பர் 29 வரை நேரம் இருக்கிறது. அன்று அவர் கேட்டது வேலையைக் காட்டிப் பாலியல் சலுகை கேட்பது. சட்டத்தின் வரையறைக்குள் நேராக வந்து விழுகிறது. ஆனால் செப்டம்பர் 12 மெயிலைக் கடைசிச் சம்பவம் என்று கணக்கு வைக்காதீர்கள். 2025-இல் ஒரு பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், துன்புறுத்தலுக்குப் பிறகு வந்த நிர்வாக நடவடிக்கைகள் பழிவாங்கலாகவே இருந்தாலும் அவை பாலியல் துன்புறுத்தலின் தொடர்ச்சி ஆகாது, அவற்றை வைத்துக் கெடுவை நீட்ட முடியாது என்று சொல்லி, புகார் காலம் கடந்தது என்பதை உறுதி செய்தது. எனவே அந்த மெயிலைப் பின்விளைவாகப் புகாரில் எழுதுங்கள், தேதிக் கணக்குக்கு அதை நம்பாதீர்கள். என் யோசனை, நவம்பர் வரை நேரம் இருக்கிறதே என்று இருக்காமல் அக்டோபர் 4-க்கு முன்னால் கொடுத்துவிடுவது. அப்போது ஜூலை சம்பவம் கெடுவுக்குள் வருமா வராதா என்ற வாதமே எழாது.

இந்த மாதிரிப் புகார்கள் பெரும்பாலும் வீணாவது இந்த இடத்தில்தான். "எச்.ஆரிடம் சொல்லியிருக்கிறேன்" என்று அந்தப் பெண் காத்திருப்பார். "பேசிட்டேன், இனிமே இருக்காது" என்று பதில் வரும். நான்கு மாதம் ஓடிவிடும். பிறகு எழுதிக் கொடுத்தால் காலம் கடந்தது என்று சொல்லிவிடுவார்கள். எச்.ஆர். அதிகாரி குழு ஆக மாட்டார். அவரிடம் வாயால் சொன்னது சட்டப்படி புகாரும் ஆகாது. ஆனாலும் எச்.ஆரிடம் சொன்ன தேதியை மறக்காமல் புகாரில் குறிப்பிடுங்கள். தாமதத்துக்கு அது காரணமாகும். நீங்கள் அன்றே சொன்னீர்கள் என்பதற்குச் சாட்சியமும் ஆகும்.

கான்ட்ராக்ட் ஆள் என்பது தடையே இல்லை. நிரந்தரம், தற்காலிகம், தினக்கூலி, பயிற்சியாளர், சம்பளமே வாங்காத தன்னார்வலர் வரை எல்லோரையும் இந்தச் சட்டம் பணியாளர் என்கிறது. ஒப்பந்ததாரர் வழியாக வந்தவர்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நீங்கள் வேலை பார்க்கிற, அந்த மேனேஜரும் வேலை பார்க்கிற நிறுவனத்தின் குழுவிடம் புகார் கொடுங்கள். ஏஜென்சியைத் தகவலில் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏஜென்சிக்குப் போனால் விஷயம் பரவும் என்று தோன்றினால் இப்போதைக்கு வேண்டாம்.

குழு விஷயத்துக்கு வருவோம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த நிறுவனத்திலும் உள்ளகப் புகார் குழு இருந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாக வேண்டும். உயர் பொறுப்பில் உள்ள ஒரு பெண் தலைவர், ஊழியர்களில் குறைந்தது இரண்டு பேர், வெளியில் இருந்து பெண்கள் நலனில் பணியாற்றும் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த அல்லது இந்த விஷயங்களில் பழக்கம் உள்ள ஒருவர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். குழுவின் விவரத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைப்பது முதலாளியின் கடமை. குழுவே அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. திரும்பவும் தவறினால் இரட்டிப்புத் தண்டனை, உரிமம் ரத்து வரை போகலாம்.

அறிவிப்புப் பலகையில் ஒன்றும் இல்லையென்றால் எச்.ஆருக்கு இரண்டே வரி மெயில் போடுங்கள்: "நம் நிறுவனத்தின் உள்ளகப் புகார் குழுத் தலைவர், உறுப்பினர்களின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தெரிவிக்கவும்." காரணம் எழுத வேண்டாம். உங்கள் சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் போகட்டும். ஒரு வாரத்தில் பதில் வரவில்லை என்றால் அந்த மௌனமே பதிவு. அடுத்து மாவட்ட அளவிலான உள்ளூர் புகார் குழு. அது முதன்மையாக 10 பேருக்குக் குறைவான இடங்களுக்கும் முதலாளி மீதே வரும் புகார்களுக்கும் ஏற்பட்டது. உள்ளகக் குழுவே இல்லாத கம்பெனிப் பெண்ணும் மாவட்ட அதிகாரிக்கு எழுதுவதுதான் வழி. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். மத்திய அரசின் ஷி-பாக்ஸ் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். அங்கே பதியும் புகார் உரிய குழுவுக்குப் போய்ச் சேரும், அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கவும் முடியும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் கேட்ட பிறகு அவசர அவசரமாகக் குழு அமைப்பார்கள். அதில் பார்க்க வேண்டியது இரண்டு. தலைவராக வருகிற பெண் உங்கள் மேனேஜருக்குக் கீழே வேலை பார்ப்பவரா? வெளி உறுப்பினர் என்று வருகிறவர் கம்பெனியில் மாதாமாதம் கட்டணம் வாங்கும் ஆலோசகரா? அப்படியென்றால் முதல் அமர்விலேயே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். எல்லாம் முடிந்து தீர்ப்பு பாதகமான பிறகு சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

இனி புகாரை எழுதுவது. உணர்ச்சி வேகத்தில் எழுதப்படும் புகாரில் பொதுவாக இப்படி இருக்கும்: "அவர் பல மாதங்களாக என்னிடம் மிகவும் தவறாக நடந்துகொள்கிறார், எனக்கு மன உளைச்சல் தருகிறார்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் விசாரிக்கிறவர் பிடித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. எதிர்த் தரப்பும் "இல்லை" என்ற ஒற்றை வார்த்தையில் முடித்துவிடும். அதையே இப்படி எழுதுங்கள் (நேரமும் மற்ற விவரங்களும் மாதிரிக்குத்தான், உங்களுக்கு நடந்ததைப் போடுங்கள்):

"ஜூலை 4, மாலை சுமார் 5.40 மணி. ஜூன் மாத வவுச்சர் கட்டை எடுக்க ஃபைல் ரூமுக்குப் போனேன். அவர் பின்னால் வந்து கதவைச் சாத்தினார். ‘எந்த ரேக்?' என்று கேட்டபடி என் இடுப்பின் வலது பக்கம் கை வைத்தார். கையைத் தட்டிவிட்டு, ‘சார், வேண்டாம்' என்று சொல்லி வெளியே வந்தேன். என் முகத்தைப் பார்த்து, என்ன ஆச்சு என்று அடுத்த இருக்கைத் தோழி கேட்டார். அன்று இரவு 8 மணிக்கு அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்."

நாள், நேரம், இடம், அவர் செய்தது, சொன்னது, நீங்கள் செய்தது, உடனே யாரிடம் சொன்னீர்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் இந்த ஏழும் வேண்டும். நேரம் துல்லியமாக நினைவில்லையென்றால் "சுமார்" போடுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். ஒரு தேதி தப்பாகிவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு மற்றதையும் பொய்யாக்கப் பார்ப்பார்கள். அவர் பேசியதை உங்கள் மொழியில் மாற்றாமல் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள், கூசினாலும் சரி. "அசிங்கமாகப் பேசினார்" என்று எழுதினால் என்ன பேசினார் என்று விசாரணையில் மறுபடி கேட்பார்கள்; முன்பே எழுதியிருந்தால் அதைப் படித்துக்கொள்வார்கள். ராத்திரி வீட்டில் இருந்தபோது வந்த மெசேஜ் ஆபீசுக்கு வெளியே நடந்தது என்று யாராவது சொன்னால் மிரள வேண்டாம். மேலதிகாரி என்ற உறவை வைத்து வந்த மெசேஜ் அது. ஏப்ரல் முதல் வந்தவற்றையும் தொடர்ச்சியின் தொடக்கமாகச் சேருங்கள்.

உங்களுக்கு என்ன வேண்டும் என்று கடைசிப் பத்தியில் சொல்லுங்கள். நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். பணி விதிகளின்படி நடவடிக்கை, இழப்பீடு, செப்டம்பர் 12 மதிப்பீட்டை வேறொருவரை வைத்து மறுபரிசீலனை செய்வது, எது வேண்டுமோ அதை எழுதுங்கள். விதிப்படி புகாரின் 6 பிரதிகள், இணைப்புகள், சாட்சிகளின் பெயர் முகவரி ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே குழுவின் மெயிலுக்கும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். புகாரைத் தமிழிலேயே எழுதலாம். எழுத முடியாத நிலையில் இருப்பவருக்கு எழுதி உதவுவது குழுவின் கடமை என்றே சட்டம் சொல்கிறது.

அழித்த மெசேஜ்களுக்காக உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். அருவருப்பான ஒன்றைக் கண்ணில் படாமல் அழிக்கத் தோன்றுவது இயல்பு. இனிமேல் செய்யக் கூடாதவை இருக்கின்றன. போனை மாற்ற வேண்டாம், ஃபார்மேட் பண்ண வேண்டாம், எக்ஸ்சேஞ்சில் கொடுக்க வேண்டாம். வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் பழையது வரும் என்று யாராவது சொன்னால், முதலில் அமைப்புகளில் கடைசி பேக்கப் தேதியைப் பாருங்கள். தானாக எடுக்கும் பேக்கப் பழையதன் மேலேயே எழுதிவிடும். நீங்கள் அழித்த பிறகு பேக்கப் எடுக்கப்பட்டிருந்தால் அதில் அந்த மெசேஜ்கள் இருக்காது, இருக்கிற உரையாடலையும் வீணாக இழக்க நேரலாம்.

வேறு இடங்களில் தேடுங்கள். அப்போதே யாருக்காவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பினீர்களா? "இந்த ஆள் இன்னிக்கும் மெசேஜ் பண்றான்" என்று அக்காவுக்கோ தோழிக்கோ எழுதியிருக்கிறீர்களா? சம்பவம் நடந்த சூட்டோடு ஒருவரிடம் சொன்ன வரி மிக வலுவான ஆதாரம், ஏனென்றால் பின்னால் யோசித்துப் புனைய முடியாதது அது. ஜூலை 4 இரவு அக்காவுக்குப் பேசியது கால் பட்டியலில் இருக்கும். இருந்தால் இன்றே படம் எடுத்து வையுங்கள். இருக்கிற மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. அந்தத் தொடர்பைத் திறந்து எண்ணும் தெரியும்படி ஒன்று, தேதி தெரியும்படி ஒன்று, வெட்டாமல் எடுங்கள். அவர் போனில் உள்ளதைக் கொண்டுவரச் சொல்லவும், சாட்சிகளை அழைக்கவும், ஆவணங்களைக் கேட்கவும் குழுவுக்கு சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. அதைச் செய்யுமாறு புகாரிலேயே கேளுங்கள். வராந்தா சிசிடிவி பதிவு, கதவு அட்டைப் பதிவு ஆகியவற்றை அழியாமல் காக்கவும் கேளுங்கள். ஜூலை மாதத்துப் படம் மிஞ்சியிருக்காது என்பதே பெரும்பாலான இடங்களின் நிலை. ஆகஸ்ட் 29 படத்துக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அதற்காகவும்தான் அவசரப்படுத்துகிறேன்.

ஆதாரம் திரட்டுகிறேன் என்று கம்பெனிக் கோப்புகளையோ வாடிக்கையாளர் கணக்குகளையோ உங்கள் மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். ரகசியத் தகவலை வெளியே கொண்டுபோனார் என்று உங்கள் மேல் எதிர்க் குற்றச்சாட்டு வரும், அசல் விஷயம் பின்னால் போய்விடும். செப்டம்பர் 12 மெயிலைப் போல உங்களுக்கே வந்ததை மட்டும் சேமியுங்கள். அத்தோடு முந்தைய வருட மதிப்பீடு, பாராட்டு மெயில் இருந்தால் எடுத்து வையுங்கள். ஆகஸ்ட் 29 வரை சரியாக இருந்த வேலை இரண்டே வாரத்தில் எப்படிக் கெட்டது என்ற கேள்வியை அவை எழுப்பும்.

இதெல்லாம் கிடைக்காவிட்டாலும் புகார் நிற்கும். நான்கு சுவருக்குள் நடப்பதற்குச் சாட்சி இருக்காது என்பது விசாரிக்கிறவர்களுக்கும் தெரியும். உங்கள் வாக்குமூலமே சான்று. குற்றவியல் நீதிமன்றம் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதும் இல்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று எடை போடுவதே இங்கே அளவுகோல்.

பொய்ப் புகார் பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 14-ஆம் பிரிவு, தெரிந்தே பொய்யாக, தீய நோக்கத்தோடு கொடுத்த புகாருக்கும், போலி ஆவணம் கொடுத்ததற்கும்தான் நடவடிக்கை என்கிறது. அந்தத் தீய நோக்கத்தையும் தனியாக விசாரித்து நிறுவ வேண்டும். புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பது மட்டும் அதற்குக் காரணம் ஆகாது என்று அதே பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. இந்தப் பாதியைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்லிப் பெண்களை மிரட்டுவது பல அலுவலகங்களில் நடக்கிறது.

புகாரோடு இடைக்கால நிவாரணம் கேட்டுத் தனியாக ஒரு மனு கொடுங்கள். கேட்டால்தான் கிடைக்கும், குழு தானாகத் தராது. விசாரணை முடியும் வரை இருவரில் ஒருவரை வேறு இடத்துக்கு மாற்றலாம். உங்களுக்கு வழக்கமான விடுப்பு போக 3 மாதம் வரை விடுப்பு தரலாம். அவர் உங்கள் வேலையை மதிப்பிடுவதைத் தடுத்து, வேறு அதிகாரியிடம் அந்தப் பொறுப்பைத் தரலாம். மூன்றாவதுதான் உங்களுக்கு முதல் தேவை, ரினியூவல் அவர் கையில் இருப்பதால். மாற்றம் கேட்பதாக இருந்தால் "என்னை அல்ல, எதிர்மனுதாரரை மாற்றவும்" என்று தெளிவாக எழுதுங்கள். பொத்தாம்பொதுவாக "மாற்றம் வேண்டும்" என்று எழுதினால் உங்களைத்தான் தூக்கி வேறு மூலையில் போடுவார்கள்.

குழு உங்கள் புகாரை 7 வேலை நாளில் அவருக்கு அனுப்பும். அவர் 10 வேலை நாளில் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். இடையில் "சமரசமாகப் போகலாமே" என்ற பேச்சு நிச்சயம் வரும். சமரசம் நீங்களாகக் கேட்டால் மட்டுமே, அதுவும் விசாரணை தொடங்கும் முன்னால்தான். பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது. சமரசமாகிவிட்டால் விசாரணை நடக்காது. அவர் நிபந்தனையை மீறினால் மட்டும் திரும்ப விசாரணை கேட்கலாம். யாரோ நீட்டும் சமரசக் கடிதத்தில் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

விசாரணை அறைக்குள் இரு தரப்புக்கும் வக்கீல் கூடாது. வெளியே ஆலோசனை கேட்டுக்கொள்ளத் தடையில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து பேச முடியாது என்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அவர் கேள்விகளை எழுத்தில் குழுவிடம் தர, குழு உங்களிடம் கேட்பது நடைமுறையில் உள்ள வழி. உடை, பழக்கவழக்கம், பழைய நட்பு பற்றிக் கேள்வி வந்தால் கோபப்படாமல், "இந்தக் கேள்வியையும் என் ஆட்சேபத்தையும் பதிவு செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். வாக்குமூலத்தை வரி வரியாகப் படித்துப் பார்த்து, தப்பாக எழுதியிருந்தால் திருத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், நகல் கேளுங்கள். உடம்பு சரியில்லை என்றாலும் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். தக்க காரணமின்றி தொடர்ந்து 3 அமர்வுகளுக்கு வராவிட்டால், 15 நாள் எழுத்து அறிவிப்புக்குப் பிறகு குழு விசாரணையை முடித்துவிடலாம். இந்த விதி அவருக்கும் பொருந்தும். அவர் வராமல் இழுத்தடித்தால் அவர் இல்லாமலே முடிவெடுக்கலாம்.

விசாரணை முடிந்து 10 நாளில் அறிக்கை; இரு தரப்புக்கும் நகல் தர வேண்டும். நிறுவனம் 60 நாளில் செயல்படுத்த வேண்டும். திருப்தி இல்லையென்றால் 90 நாளில் மேல்முறையீடு. இதற்கிடையில் கான்ட்ராக்ட் முடிந்து அனுப்பிவிட்டாலும் புகார் உயிரோடுதான் இருக்கும், விசாரணையை நடத்தியாக வேண்டும். நீங்களாக ராஜினாமா செய்ய வேண்டாம். தாங்க முடியாமல் செய்துதான் ஆக வேண்டும் என்றால் "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதாதீர்கள். என்ன காரணமோ அதைத் தேதியோடு எழுதுங்கள். ‘சொந்தக் காரணங்கள்' என்ற ஒரு வரியை வைத்தே, இவருக்கு இங்கே எந்தப் பிரச்சினையும் இல்லை என்று பின்னால் சொல்வார்கள்.

போலீசுக்குத் தாராளமாகப் போகலாம். குழுவுக்குப் போனதால் காவல் நிலையம் போகக் கூடாது என்றோ, இதை முடித்துவிட்டுத்தான் அது என்றோ சட்டத்தில் இல்லை. நீங்கள் போக முடிவெடுத்தால் உங்களுக்கு உதவ வேண்டியது முதலாளியின் கடமையும்கூட. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இடுப்பில் கை வைத்தது 74-ஆம் பிரிவுக்குள் வரும். 1 முதல் 5 வருடம் வரை சிறை. பாலியல் சலுகை கேட்டது 75. 3 வருடம் வரை. மறுத்த பிறகும் தொடர்ந்து மெசேஜ் அனுப்புவது 78. முதல் முறைக்கு 3 வருடம் வரை. போஷ் சட்டத்தின் 3 மாதக் கெடு இங்கே கிடையாது. ஆனால் வெறும் ஆபாசப் பேச்சு மட்டும் என்றால் அதற்கு 1 வருடச் சிறைதான் உச்சம் என்பதால், நீதிமன்றம் வழக்கை ஏற்பதற்கும் 1 வருடக் கால வரம்பு உண்டு.

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம். சம்பவம் நடந்த எல்லை வேறு என்று திருப்பி அனுப்பக் கூடாது. எந்த நிலையத்திலும் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். உங்கள் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். மின்னணு முறையில் அனுப்பினால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது மனு வந்ததற்கான ரசீதே தவிர முதல் தகவல் அறிக்கை இல்லை. 3 வருடமோ அதற்கு மேலோ, ஆனால் 7 வருடத்துக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்தச் சட்டம் இடம் தருகிறது. அதற்குப் பிறகும் பதியவில்லை என்றால் மாநகரில் காவல் ஆணையர் அலுவலகத்துக்கும், மற்ற இடங்களில் மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் தபாலில் மனு அனுப்புங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாண வாக்குமூலத்தோடு மனுப்போடலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம்.

குழுவா, போலீசா என்று என்னைக் கேட்டால், வேலையையும் இந்த அலுவலகத்தில் உங்கள் நிம்மதியையும் காப்பாற்ற குழுப் புகார்தான் விரைவான வழி. குற்றத்துக்குத் தண்டனை வேண்டும் என்றால் போலீஸ். அவர் மிரட்டினால், வீட்டுப் பக்கம் வந்தால், பின்தொடர்ந்தால் ஒரு நாளும் பொறுக்காமல் 112-க்கு அடியுங்கள். இரண்டிலும் ஒரே சம்பவத்தை ஒரே மாதிரி எழுதுங்கள். ஒன்றில் "தோளில்", இன்னொன்றில் "இடுப்பில்" என்று இருந்தால் குறுக்கு விசாரணையில் அதைத்தான் குடைவார்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உங்கள் உரிமை. 15100-ஐ அழையுங்கள், அல்லது நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள்.

வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம். புகாரின் உள்ளடக்கம், உங்கள் பெயர், முகவரி, சாட்சிகள், விசாரணை நடவடிக்கை எதையும் வெளியிடக் கூடாது என்று 16-ஆம் பிரிவு தடுக்கிறது. தகவலறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகக்கூடத் தர முடியாது. கசியவிடும் குழு உறுப்பினருக்கு அபராதம் உண்டு. உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், நாற்பது பேர் உள்ள அலுவலகத்தில் ஏதோ நடக்கிறது என்பதை முழுதாக மறைக்க முடியாமல் போகலாம். ஆனால் குழு உங்கள் வீட்டுக்கு எதையும் அனுப்ப வேண்டிய தேவையே இல்லை. எல்லாத் தொடர்பும் உங்கள் சொந்த மெயிலுக்கும் போனுக்கும் மட்டும் வரட்டும் என்று புகாரின் தலைப்பிலேயே எழுதுங்கள். அக்காவுக்கு ஏற்கெனவே தெரியும் என்று புரிகிறது. அம்மா அப்பாவிடம் எப்போது சொல்வது என்பதை அவரோடு பேசி முடிவெடுங்கள்.

தூக்கம் வரவில்லை என்று கடைசியில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் கடைசி விஷயமாக நினைக்கவில்லை. பெண்கள் உதவி எண் 181-க்கு அழைத்தால் பக்கத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தைச் சொல்வார்கள். அங்கே மனநல ஆலோசனை, சட்ட உதவி, காவல் நிலையத்துக்குத் துணை எல்லாம் கட்டணமில்லாமல் கிடைக்கும். ராத்திரி மனசு கனத்தால் 14416-இல் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனையிலோ தனியாரிடமோ ஒரு டாக்டரைப் பாருங்கள். எப்போதிலிருந்து தூக்கமில்லை, என்ன நடந்த பிறகு என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சீட்டு, மருந்து பில், ஆலோசனைக் கட்டண ரசீது எல்லாவற்றையும் புகார் கோப்பிலேயே சேருங்கள். இழப்பீட்டைக் கணக்கிடும்போது மன வேதனையையும் மருத்துவச் செலவையும் குழு பார்த்தாக வேண்டும் என்று 15-ஆம் பிரிவு சொல்கிறது.